மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பாரதி

பாரதி பாட்டில் எனக்கு உசத்தி எது? ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய சுதந்திரப் பள்ளு. அடுத்து, ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்தில் ஜேசுதாஸ் பாடிய நந்தலாலா.

ஆனால், எழுதின மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே... 1918 டிசம்பரில் கடலூர் சிறையிலிருந்து வந்தவர், செல்லம்மாவின் ஊரான கடையத்தில் தங்கினார். 1920 ஜூனில் அங்கிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை: ‘என் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக்கணும். ஒவ்வொன்றும் 10,000 பிரதி. கடன் கொடுங்கள், வட்டி தருகிறேன்.’ மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்றுத் தீருமாம்! என்ன நம்பிக்கை, பாருங்கள்.

பணம் சேரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் ஆளே போய்விட்டார்.

‘நாம் இருவர்’ எடுத்த ஏவி.எம். செட்டியார், தன்னிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையை 1949-ல் காசு வாங்காமல் அரசுக்குக் கொடுத்தார். பிற்பாடு எல்லாமே பொதுச்சொத்தானது. ஜேசுதாஸ் நந்தலாலா பாடியபோது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.