நான்கு பற்றறிகளும் முப்பத்திரண்டு சீட்டுகளும்

மார்கழி பிறந்தால் பட்டியற் காலமும் பிறந்துவிடுகிறது. ஆண்டின் சிறந்த நூல், சிறந்த திரைப்படம் என்ற வரிசையில் ஆண்டின் சிறந்த வீடியோ விளையாட்டும் இப்போது இடம்பிடித்துள்ளது. 2014 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு டிசெம்பரிலும் அமெரிக்காவில் நடைபெறும் 'த கேம் அவார்ட்ஸ்' விழாவுக்கு இன்று பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்கள் பரிந்துரை செய்கின்றன. இறுதி முடிவில் அந்த நடுவர்களின் வாக்குக்கு 90 வீதமும் பொதுமக்களின் வாக்குக்கு 10 வீதமும் மதிப்புண்டு.

விதிமுறைகள் தெளிவானவை. ஆயினும் எந்த விதிமுறையிலும் எழுதப்படாத நிபந்தனை ஒன்று அவற்றுக்கு முன்னே நிற்கின்றது. வாக்களிப்பவர் அந்த விளையாட்டை விளையாடியிருக்க வேண்டும். விளையாடுவதற்கு மின்சாரம் வேண்டும், கருவி வேண்டும், அச்சமில்லாத ஓய்வுப்பொழுது வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர இல்லாமற்போன நிலம் ஒன்று இருந்தது. அது நமது யாழ்ப்பாணக் குடாநாடு. இந்த விருதுகளின் வரலாற்றையும் அம்மண்ணின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

பிரித்தானியாவில் தொடக்கத்தில் சஞ்சிகை வாசகர்களின் வாக்குகளால் தெரிவுசெய்யப்பட்ட 'கோல்டன் ஜோய்ஸ்டிக்' விருது 1983 ஆம் ஆண்டுக்கான தெரிவுடன் தொடங்கியது. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டாக 'ஜெட்பக்' என்பது தெரிவாயிற்று. அதே 1983 இன் யூலை மாதம் நமக்கு எதைத் தந்தது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தென்னிலங்கையில் அனைத்தையும் இழந்தவர்கள் கப்பல்களில் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய ஆண்டு அது.

1989 இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் போய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. உலகச் சிறுவர்களின் சட்டைப்பைக்குள் விளையாட்டைக் கொண்டு சேர்த்த கருவி என்று அதனைக் கூறலாம். அதனை இயக்க நான்கு சிறிய பற்றறிகள் போதும். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றுடன் பற்றறியும் அடங்கியது. வெளிநாட்டு உறவினர் ஒருவர் அக்கருவியை எப்படியோ அனுப்பி, அது ஒரு யாழ்ப்பாணச் சிறுவனின் கையிற் கிடைத்திருந்தாலும், அந்த நான்கு பற்றறிகளுக்கு அவன் எங்கே போவான்?

மின்சாரத்தை மக்கள் தாமே உண்டாக்கினார்கள் என்பதும் உண்மைதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தார்கள். ஆனால் அந்தக் கைகள் பிபிசி தமிழோசையின் செய்திக்காகச் சுழன்றன. விளையாட்டுக்குச் செலவிட அந்த மின்சாரத்தில் மிச்சம் இருக்கவில்லை. 1993 டிசெம்பரில் 'டூம்' என்ற கணினி விளையாட்டு வெளியாகி உலக இளைஞர்களைத் திரைமுன் கட்டிப்போட்டபோது, நமது மாணவர்கள் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்ட விளக்கின் முன் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். 1995 செப்டெம்பரில் 'பிளேஸ்ரேசன்' அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள்.

வீடியோ விளையாட்டுகளின் பொற்காலம் என்று இன்றைய விமர்சகர்கள் பலர் போற்றும் ஆண்டுகள் இவைதாம். அக்காலத்தின் தலைசிறந்த விளையாட்டுகள் எவை என்று இன்றும் பட்டியலிடுகிறார்கள். அந்த வாக்கெடுப்பில் குடாநாட்டின் ஒரு தலைமுறைக்கு இடமிருக்கவில்லை.

அப்படியானால் அந்தத் தலைமுறை எதைத் தெரிவுசெய்திருக்கும்?

இரவுக்குரிய விருது '304' என்னும் சீட்டாட்டத்துக்கே என்பதில் எனக்கு ஐயமில்லை. முப்பத்திரண்டு சீட்டுகள், நான்கு பேர், எதிரெதிரே அமரும் இரண்டு அணிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. ஏலம் கூறித் துரும்பை மறைத்து வைத்து ஆடும் இவ்வாட்டத்தில் நினைவாற்றலும் வேண்டும், கூட்டாளியின் மனத்தை அறியும் ஆற்றலும் வேண்டும். ஒரு ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சம் நால்வருக்கும் போதுமானது.

பகலுக்குரியவை பல. கோடுகளை மறித்து நிற்போரை ஏய்த்து ஓடும் கிளித்தட்டு, கிட்டியடித்தல், வீட்டுத் திண்ணையில் பெண்பிள்ளைகள் ஆடும் கொக்கான் வெட்டுதல், சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் தடித்த சிரட்டையுள்ள தேங்காய்களைத் தேடிப்பிடித்து மோதவிடும் போர்த்தேங்காய். ஆண்டுக்கொரு விருது என்ற வழக்கம்கூட நமக்குப் புதிதன்று. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியில் நடுவர்கள் வானத்தைப் பார்த்தே பரிசுக்குரியதைத் தெரிவுசெய்கிறார்கள்.

தடைக்கால வறுமையைப் பெருமையாகப் பேசுவது என் நோக்கமன்று. இருளில் ஆடிய சீட்டாட்டம் இனிமையானது என்பதனால் இருள் நியாயமாகிவிடாது. விளையாட வேண்டிய வயதிற் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகளின் இழப்பை எந்தப் பட்டியலும் ஈடுசெய்யாது. பட்டியல் என்பது ஒரு சான்று. அதில் இல்லாதவர்கள் அக்காலத்தில் வாழவேயில்லை என்று பின்வருவோர் எண்ணிவிடக் கூடும். அந்த ஆபத்தையே இங்கு சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

நிலைமை மாறாமலும் இல்லை. ரொறன்ரோவில் உருவான 'வெண்பா' என்னும் விளையாட்டு 2023 யூலையில் வெளிவந்தது. தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைப் பார்த்து உணவு சமைப்பதே அதில் விளையாட்டு. நமது புட்டும் அங்கே அவிகிறது. அது 2023 'த கேம் அவார்ட்ஸ்' விருதில் இரண்டு பிரிவுகளிற் பரிந்துரை பெற்றது. 2024 இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசையும், பிரித்தானியாவின் 'பாஃப்டா' அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் வென்றது. ஓர் அடுக்களையின் நினைவு உலக மேடையில் ஏற முடியுமானால், ஜாம் போத்தல் விளக்கின் கீழ் ஆடிய ஆட்டமும் ஒருநாள் ஏறலாம்.

ஆனால் அதற்கு முதலில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். 1990 க்கும் 1995 க்கும் இடையில் குடாநாட்டிற் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். ஒஸ்லோவிலும் பாரிசிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கிறார்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், என்ன விளையாடினீர்கள், அதன் விதிகள் எவை என்பதை ஒரு பக்கமேனும் எழுதிவையுங்கள். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற எண்ணிமச் சேகரிப்புகள் நமது எழுத்தைக் காத்துவருகின்றன. உங்கள் பிள்ளைகள் இவ்வாண்டின் சிறந்த விளையாட்டுக்கு வாக்களிக்கும் வேளையில், நீங்கள் அந்தப் பழைய ஆண்டுகளுக்கான உங்கள் வாக்கை அளித்துவிடலாம்.