அலிசே

இந்தியக் கடற்படையின் முன்னாள் நீர்மூழ்கி எதிர்ப்பு விமானம். பிரான்சின் பிரெகே நிறுவனத் தயாரிப்பு. முதலில் பறந்தது 1956இல். ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் டர்போபிராப் எஞ்சின், மூவர் குழு, வயிற்றுப் பகுதியிலிருந்து இறங்கும் ரேடார் குமிழ் ஆகியவை இதன் அடையாளங்கள். இதற்கான 310ஆம் அணி 1961 மார்ச்சில் பிரான்சின் இயேரில் தொடங்கப்பட்டது, தளக்கப்பல் விமானந்தாங்கியான விக்ராந்த்.

அதே ஆண்டு போர்த்துகீசியரிடமிருந்து கோவாவை மீட்ட நடவடிக்கையில் ரோந்து சென்றது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரே இதன் பெரும் சோதனை. நீர்மூழ்கி தேடப் பிறந்த இந்த மெதுவான விமானம், கிழக்கு வங்கத் துறைமுகங்களின் மீது குண்டு வீசியது. டிசம்பர் 10 அன்று மேற்குக் கடலில் ஒன்றை பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் சுட்டு வீழ்த்தியது, மூவரும் திரும்பவில்லை. ஜெட் போர் விமானத்தின் முன் தப்ப வழியில்லாத அவர்களின் துணிவு போதிய அளவு பேசப்படவில்லை.

1987 முதல் கரைத்தளங்களிலிருந்து மட்டுமே பறந்து, இலங்கையில் இந்திய அமைதிப்படை நடவடிக்கைக் காலத்திலும் ரோந்து புரிந்தது, 1991இல் ஓய்வு. எஞ்சிய அலிசே ஒன்றைக் கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் காணலாம்.