உமலும் பையும்: வாவிக்கரை வாணிகத்தில் ஒரு வழக்கின் வரலாறு

அரசர் ஆண்ட காலங்களையும் போர் நிகழ்ந்த களங்களையும் ஆராய்வது மட்டுமே வரலாறு என்னும் எண்ணம் தளர்ந்து நெடுங்காலமாயிற்று. மக்கள் எதனை உண்டனர், எதனால் அளந்தனர், எதிற் சுமந்தனர் என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவே. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்ந்தோர் தாம் கொண்ட பண்டங்களை எதில் இட்டு வீட்டுக்குக் கொணர்ந்தனர் என்னும் வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயின், அதனை முறையாகத் தொடர்ந்து செல்வோமாயின் வாவியின் இன்றைய நிலைக்கு ஒரு காரணமும் நமக்குப் புலனாகும். பையின் வரலாற்றில் முதன்மையான வினா, அது ஓலையால் ஆயதா பொலித்தீனால் ஆயதா என்பதன்று; அது யாருக்கு உரியது என்பதே. இக்கருத்தை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை கடற்கரையை ஒட்டிக் கிடக்கின்றது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். படுவான்கரை நெல்லும் எருமைத்தயிரும் மலிந்த நிலம். எழுவான்கரையோ மீனும் தேங்காயும் கைத்தறி நெசவும் உடையது. ஒரு கரையில் மிக்கது மறுகரையில் வேண்டப்பட்டமையால் வாவி இடையறாத பண்டப் போக்குவரத்துக்கு வழியாயிற்று. அம்பிலாந்துறை போன்ற ஊர்ப்பெயர்களில் இன்றும் நிற்கும் 'துறை' என்னும் சொல் இதற்குச் சான்று பகரும். 1924 ஆம் ஆண்டிற் கல்லடியிற் பாலம் எழுந்தது. மண்முனையிலோ 2014 வரை 'பாதை' எனப்படும் மிதவையும் தோணியுமே மக்களைக் கரை சேர்த்தன. தோணியில் ஏறி இறங்குவோன் தன் பண்டத்தைக் கையிலோ தலையிலோ தோளிலோ சுமத்தல் வேண்டும். ஆகவே உறுதியான கலம் இன்றி இப்பிரதேசத்தில் வாணிகம் இல்லை.

உள்நாட்டு வாணிகமும் இவ்வாறே நிகழ்ந்தது. கரையோர முஸ்லிம் வணிகர் தவளம் எனப்படும் பொதிமாட்டு அணிகளில் உப்பும் கருவாடும் ஏற்றி ஊவா நாட்டுப் பக்கம் சென்று, அங்குள்ள விளைபொருளைக் கொணர்ந்தனர். சென்ற பொதியே திரும்பும் பொதியுமாயிற்று. வெள்ளாண்மை அறுவடைக் காலத்தில் சிறு வணிகர் படுவான்கரைக் களவெட்டிகளுக்கே வந்து, தம் பண்டத்தைக் கொடுத்து நெல்லை மாற்றாகக் கொள்வதும் உண்டு. மரைக்காலால் அளந்த நெல், வந்தவரின் சாக்கில் நிறைந்து சென்றது. வெறுங்கலம் நிறைகலமாய் மீளுதலே அன்றைய வாணிகத்தின் இயல்பு.

வீட்டுத் தேவைக்கான கலங்களுள் உமல் முதலில் வைத்து எண்ணத்தக்கது. பனையோலையால் அல்லது பன் என்னும் கோரைப்புல் வகையால் இழைக்கப்பட்ட பை அது. சதுப்பு நிலத்திலே விளையும் பன்னை அறுத்து, உலர்த்திப் பதமாக்கிப் பெண்கள் பாயும் பையும் இழைத்தனர். பெருஞ்சுமைக்குக் கடகமும், வெற்றிலைக்கும் சில்லறைக் காசுக்கும் கொட்டைப்பெட்டியும், மீனுக்குப் பறியும் பயன்பட்டன. எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் கழுத்திற் கயிறு கட்டிய போத்தல் வீட்டிலிருந்தே சென்றது. சீனி, மல்லி, சீரகம் முதலியவற்றைக் கடைக்காரர் கடதாசிச் சரையிற் சுற்றி நூலாற் கட்டினார். அச்சரையும் உமலுக்குள்ளேயே இடம்பெற்றது. கையில் உமல் இல்லாதவன் மீன் வாங்கின், செவுளூடாக ஈர்க்கைக் கோத்துக் கோர்வையாகத் தூக்கிச் சென்றான்.

இவை அனைத்திலும் ஒரே நியதி விளங்குவதைக் காண்கின்றோம். அளவை விற்போனுடையது, கலம் கொள்வோனுடையது. உமல் கிழிந்தால் இழப்பு வீட்டாருக்கே. ஆகையால் அதனைப் பொத்தினர், உலர்த்தினர், அடுப்படிக்கு மேலே தூக்கி வைத்தனர். முற்றாகப் பழுதுற்றபோது அது எருக்குழியில் மண்ணோடு மண்ணாயிற்று. சூழலைக் காத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு பற்றி அவர்கள் அவ்வாறு ஒழுகினர் என்று கூறுதல் மிகையாகும். உடைமை உணர்வும் சிக்கனமுமே அவ்வொழுக்கத்தின் வேர்கள்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1942 முதல் பரவிய பங்கீட்டு முறை இவ்வழக்கை மேலும் வலியுறுத்தியது. ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக்கடைகள் தோன்றின. கூப்பன் அரிசியைப் பெறக் குறித்த நாளிற் குடும்பத்தில் ஒருவர் பையோடு சென்று வரிசையில் நின்றார். அவ்வரிசி மக்கள் வாழ்வில் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு, 1953 யூலையில் ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததும், அவ்வாண்டு ஓகத்து 12 ஆம் நாள் நாடெங்கும் அர்த்தால் எழுந்தமை சான்றாகும். 1979 இல் உணவு முத்திரை முறை வந்து பங்கீட்டை அகற்றும்வரை, 'கூப்பன் நாள்' என்பது பை எடுத்துச் செல்லும் நாளாகவே இருந்தது. முன்னரே அறியப்பட்ட நாள், முன்னரே அறியப்பட்ட பொருள், முன்னரே எடுத்து வைத்த பை என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

பண்டம் வீடு தேடி வருதலும் நம்மவர்க்குப் புதிதன்று. துவிச்சக்கர வண்டியிற் பெட்டி கட்டி வரும் மீன் வியாபாரியின் ஊதுகுழல் ஒலி கேட்டதும் வீட்டார் சட்டியோடு படலைக்கு வந்தனர். தயிர் மண்சட்டியிலேயே வந்து, அச்சட்டி பின்னர் வீட்டுப் பாத்திரமாயிற்று. விற்போன் வாசலுக்கு வந்தபோதும் வீட்டுக் கலமே அவன் பண்டத்தை ஏற்றது. ஆகவே, வீட்டுக்குக் கொணர்ந்து கொடுக்கும் முறையே குப்பையைப் பெருக்கிற்று என்பார் கூற்று முழுதும் பொருந்தாது.

மாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. 1933 இல் இங்கிலாந்தின் ஆய்வுகூடமொன்றில் எதிர்பாராது பொலித்தீன் தோன்றியது. சுவீடன் நாட்டினரான ஸ்டென் குஸ்தாவ் துலின் என்பார் அமைத்த கைபிடிப் பைக்கு 1965 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தாள்பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தவிர்க்கவே தம் தந்தையார் அதனை அமைத்தார் என்றும், மடித்துச் சட்டைப்பையில் வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார் என்றும் துலினின் மைந்தர் கூறியுள்ளார். ஆக்கியோன் தனக்குரிய பொருளாகப் பேணியதை, உலகம் இலவசமாகப் பெற்று எறியும் பொருளாக்கியது. நம் நாட்டில் 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர்ப் பொதி செய்த பண்டங்களும் அவற்றோடு இப்பைகளும் பெருகின. மக்கள் அதற்கு இட்ட பெயர் ஆராயத்தக்கது. உமல், பறி, கடகம் என்பன தனித்தனிப் பொருள்களின் பெயர்கள்; அவை வீட்டிற் பல பணிகளுக்கு உரியன. 'சொப்பிங் பை' என்னும் பெயரோ கடையில் வாங்கும் செயலையே குறிக்கின்றது. அச்செயல் முடிந்ததும் அப்பையின் பணியும் முடிந்துவிடுகின்றது.

இப்பொழுது கலம் விற்போன் கையிலிருந்து வருகின்றது. கொடுத்தவுடன் அது அவனுடையதன்று. விலை கொடாமையால் கொண்டவனும் அதனைத் தன்னுடையதாகக் கருதுவதில்லை. உரியவர் இல்லாப் பொருள் வடிகாலைச் சேர்கின்றது; வடிகால் மாரி வெள்ளத்தில் வாவியைச் சேர்கின்றது. வாவி முகத்துவாரத்தைக் கோடையில் மணற்றிட்டு அடைத்து நிற்குமாதலால், அக்காலத்தில் உட்புகுந்த குப்பை கடலுக்குச் செல்லவும் வழியில்லை. அது கண்டல் வேர்களிற் சிக்குகின்றது. மீன் படவேண்டிய வலையிற் படுகின்றது. அயலிலுள்ள அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாத்திக்கை உண்டு யானைகள் மாண்டமை 2022 இல் உலகச் செய்தியாயிற்று.

அரசும் வாளா இருக்கவில்லை. 2007 சனவரியில் 20 மைக்கிரோன் தடிப்புக்கு மேற்படாத பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பல அழிந்த பின்னர், அவ்வாண்டு செத்தெம்பரில் வேறு சில பைகளுக்கும் உணவு சுற்றும் தாள்களுக்கும் தடை வந்தது. 2025 நவெம்பர் முதல் நாளிலிருந்து பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுத்தல் கூடாதென விதிக்கப்பட்டது. இவற்றுள் முதற்சட்டம் பையின் தடிப்பை நோக்கியது. அடுத்தது அதன் வகையை நோக்கியது. மூன்றாவதே பை யாருடையது என்னும் வினாவைத் தொட்டது. அயர்லாந்து 2002 இல் ஒரு பைக்கு 15 சதம் வரி விதித்தபோது அதன் பாவனை ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. விலை சிறிதாயினும், 'இது வேண்டுமா?' என வாங்குவோரை ஒருகணம் சிந்திக்கச் செய்தது. எனவே மூன்றாவது வழியே பழைய நியதிக்கு அணித்தாகும்.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழலாம். உமல் ஈரத்தைத் தாங்காது. அதனை இழைத்த பெண்கள் பெற்ற கூலியும் அற்பமே. கூப்பன் நாள் போல் முன்னறிந்து கடைக்குச் செல்லும் வாழ்க்கையும் இன்றில்லை. வேலை முடிந்து பேருந்தில் வருபவர் வழியிலே நினைத்ததை வாங்குகின்றார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வண்டிகளிற் பொதிகளாகக் கட்டி வந்த பண்டமே பலருடைய அடுப்பை எரிய வைத்தது. இவை மறுக்கத்தக்கன அல்ல. பழையது முழுதும் நன்று எனக் கொண்டு அதனை அப்படியே மீட்க முயல்வது அறியாமை.

ஆயினும், மீட்கவேண்டியது உமல் அன்று. உமலோடு இருந்த உரிமையே. அது துணிப்பையாகலாம், காத்தான்குடி அல்லது மருதமுனைக் கைத்தறியில் தைத்ததாகலாம், மடித்துப் பாடப்புத்தகத்தோடு வைத்த சீலைப்பையாகலாம். தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் நாட்டுப்புறத்தான் அடையாளம் என நகையாடப்பட்ட மஞ்சட்பை, 2021 திசெம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் பெயரால் அரசின் இயக்கமாயிற்று. பையைத் தூக்கிச் செல்வது இழுக்கு என்னும் கூச்சமே நம்மிடையும் உமலை மறைத்தது. அக்கூச்சம் நீங்கினால் வழக்கம் மீளும். வீடு தேடிப் பண்டம் கொணர்வோரும், சென்ற முறை கொடுத்த பையை இம்முறை மீட்டெடுக்கும் வழக்கத்தை மேற்கொள்ளுதல் கூடும். பொதிமாட்டுக்காரர் வெறும்பொதியோடு திரும்பவுமில்லை, பொதியை வழியில் எறியவுமில்லை.

மாணவர்க்கு இதில் ஒரு பணி உண்டு. உமல், பறி, சரை, குட்டான், கொட்டைப்பெட்டி ஆகிய சொற்களை அறிந்த முதியோர் நம்மிடை நாளும் குறைந்து வருகின்றனர். அவரவர் ஊரில் அவர்களை அணுகி, எக்கலம் எதனால் ஆயது, யார் இழைத்தனர், எத்தனை ஆண்டு உழைத்தது என வினவி எழுதிவைத்தல் வேண்டும். சொல் அழியுமுன் அதனைத் தொகுத்தல் வரலாற்று மாணவர் கடன். அவர்கள் அவ்வாறு எழுதும்போது, தம் வீட்டில் இன்று எவரும் உரிமை கொண்டாடாத பை எத்தனை என்பதையும் எண்ணிப் பார்ப்பாராயின், வாவிக்கு அதனினும் பெரிய நன்மை வேறில்லை.