புத்தர் பெருமானும் ஜென் நெறியும்

வடநாட்டில் குடியேறி வாழும் தமிழர்க்கு, ஊரிலிருந்து வரும் பெரியோரைக் காசிக்கும் கயைக்கும் அழைத்துச் செல்லும் பொறுப்பு அவ்வப்போது வந்து சேர்வதுண்டு. காசியில் நீராடி, கயையில் பிதிர்க்கடன் முடித்து, இரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புகிறோம். கயையிலிருந்து புத்தகயை ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவே. காசியிலிருந்து சாரநாத் அதனினும் அண்மை. நேரமிருந்தால் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பாராமலே திரும்பியவர்களுள் நாமும் இருந்திருக்கிறோம்.

இந்தத் தலங்களை நாள்தோறும் உணவுக்கு முன் நினைப்பவர்கள் ஜப்பானில் இருக்கின்றனர். அந்நாட்டு ஜென் பௌத்தத்தின் பிரிவுகளுள் ஒன்றான சோத்தோ மரபின் மடங்களில், துறவியர் வரிசையாக அமர்ந்து, உண்கலத்தைச் சுற்றிய துணியை அவிழ்க்கும் வேளையில், புத்தர் கபிலவாஸ்துவில் பிறந்ததையும், மகதத்தில் ஞானம் பெற்றதையும், வாராணசியில் அறம் உரைத்ததையும், குசிநகரத்தில் மறைந்ததையும் ஒருங்கே ஓதுவர். சீனத்தின் வழியே சென்ற அப்பெயர்கள் கபிரா, மகதா, ஹரனா, குசிரா என்று தேய்ந்து ஒலிக்கின்றன. பின்னர்ச் சில சோற்றுப் பருக்கைகளைப் பசித்த ஆவிகளுக்கென ஒதுக்கி வைத்துவிட்டு உண்பர். காக்கைக்கு வைத்தபின் இலையில் கை வைக்கும் நம் வீட்டு முதியோரை இது நினைவூட்டும்.

நூல்களைச் சாராது, சொற்களுக்கு அப்பால் மனத்திலிருந்து மனத்துக்கு வந்த நெறி என்று தன்னைக் கூறிக்கொள்வது ஜென். அவ்வாறாயின், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கங்கைச் சமவெளியில் நடந்து திரிந்த புத்தரிடமிருந்து அது பெற்றது யாது?

இவ்வினாவிற்கு அம்மரபினர் கூறும் விடை ஓர் அழகிய கதை. இராஜகிருகத்துக் கழுகு மலையில் அவை கூடியிருந்தபோது, புத்தர் ஒன்றும் பேசாது ஒரு மலரை உயர்த்திக் காட்டினார். மகா காசியபர் ஒருவர் மட்டும் புன்முறுவல் செய்தார். நெறி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பர். காசியபர் முதல் போதிதருமர் வரை இந்திய ஆசாரியர் இருபத்தெண்மரின் வரிசையும் உண்டு. ஆனால் பழைய பாலித் திரிபிடகத்தில் இக்கதை இல்லை. சீனத்தில் சோங் மரபினர் ஆண்ட காலத்து நூல்களிலேயே இது விளங்கத் தோன்றுகிறது. 1228-இல் தொகுக்கப்பட்ட 'வாயிலற்ற வாயில்' என்னும் நூல் இதனைப் பரவச் செய்தது. புத்தர் மறைந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட கதையைச் சான்றாகக் கொள்ள வரலாறு இடந்தராது.

மலரை விடுத்து மரத்தடிக்குச் செல்வோம். கடுந்தவத்தால் உடல் எலும்பும் தோலுமாய் வற்றிய நிலையில், வேறு வழி உண்டோ என்று எண்ணிய சித்தார்த்தருக்கு இளமை நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்ததாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. தந்தையார் தம் அலுவலில் ஈடுபட்டிருக்க, சிறுவரான அவர் நாவல் மர நிழலில் தனித்து அமர்ந்திருந்தார். மனம் தானே அடங்கியது. அச்சமும் ஆசையுமற்ற ஓர் இன்பம் தோன்றியது. அதனைக் கண்டு அஞ்சுவானேன் என்று கருதி, தவத்தைக் கைவிட்டு உணவுண்டார். உடனிருந்த ஐவரும் அவர் நெறி தவறினார் என்று அகன்றனர். பின்னரே போதி மரத்தடி. ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் என்னும் ஆசிரியரிடம் அவர் முன்னமே தியானம் பயின்றிருந்தார் என்பது உண்மை. எனினும் பெருந்திருப்பத்துக்குக் காரணமாயிருந்தது அப்பயிற்சியன்று, ஒரு சிறுவனின் எளிய அமர்வே என்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

அவ்வமர்வின் பெயரே ஜென். வடமொழியில் தியானம், பாலியில் ஜானம், சீனர் அதனைச் 'சான்னா' என்று ஒலிபெயர்த்துச் 'சான்' என்று சுருக்கினர், அது கொரியாவில் 'சோன்' ஆயிற்று, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் தனியானதோர் ஈடுபாடு உண்டு. எவ்வெச் சொற்களை மொழிபெயர்க்காமல் ஒலியாகவே விடலாம் என்பதற்கு யுவான் சுவாங் ஐந்து விதிகள் வகுத்தார் என்பர். சீனத்தில் இல்லாத பொருள்களின் பெயர்கள் அவற்றுள் ஒருவகை. அதற்கு எடுத்துக்காட்டு நாவல் மரம்! தியானம் என்பதற்கு 'அமைதியான சிந்தனை' எனப் பொருள்படும் சீனத் தொடர் ஒன்றை அவர் வழங்கினார். மக்களோ பழைய ஒலியையே பற்றிக்கொண்டனர். அறிஞர் தந்த சொல் ஏட்டில் நிற்க, மக்கள் சொல் வழக்கில் வெல்லுதல் எம்மொழிக்கும் பொது. ஜப்பானியத் துறவி அணியும் 'கேசா' நம் காஷாயமே.

போதிதருமரைப் பற்றிச் சொல்லாவிடில் நேயர்கள் நம்மை விடமாட்டார்கள். லோயாங் நகரத்து மடங்களைக் குறித்து 547-ஐ ஒட்டி எழுந்த நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. ஏழாம் நூற்றாண்டில் துறவியர் வரலாறு எழுதிய தாவோ சுவான், தென்னிந்திய அந்தணர் குலத்தவர் என்கிறார். மற்றொரு பழைய முன்னுரை, தென்னாட்டு மன்னன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சியின் பெயர் இவற்றுள் இல்லை. அது பின்வந்த மரபு. காஞ்சியில் பௌத்தம் செழித்திருந்தது என்பதற்கு யுவான் சுவாங்கின் குறிப்பே போதுமானது. அதற்காக உறுதியற்ற ஒன்றை உறுதியென முழங்க வேண்டுவதில்லை.

எல்லாவற்றிலும் ஜென் புத்தரைப் பின்பற்றிற்று என்று கொள்ளுதலும் பொருந்தாது. துறவி மண்ணைத் தோண்டுதல் கூடாது, செடிகொடிகளை அழித்தல் கூடாது என்பன புத்தர் சங்கத்து விதிகள்; பிச்சையேற்று உண்பதே துறவு வாழ்க்கை. சீனத்து மலை மடங்களிலோ துறவியர் மண்வெட்டி எடுத்தனர். பைசாங் என்னும் ஆசிரியர் (720-814) முதுமையிலும் நிலத்தில் உழைத்தார். இரங்கிய சீடர்கள் அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தபோது, உழைக்காத அன்று அவர் உண்ண மறுத்துவிட்டார் என்பது அம்மரபின் புகழ்பெற்ற செய்தி. விதி மீறப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊராரின் கையை எதிர்பாராது வாழ்ந்த சமூகத்துக்கு அதனால் ஓர் உறுதி வாய்த்தது என்றே நாம் கருதுகிறோம்.

ஜப்பானில் ஜென்னை ஊன்றியவருள் முதல்வரான எய்சாய் (1141-1215), 1187-இல் இரண்டாம் முறை சீனம் சென்றபோது கொண்டிருந்த நோக்கம், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து புத்தர் திருவடி பட்ட இடங்களை வணங்குவது. சீன அரசின் இசைவு கிட்டவில்லை. சீன மடங்களிலேயே தங்கிப் பயின்று, 1191-இல் தேயிலை விதைகளுடனும் ஜென் நெறியுடனும் நாடு திரும்பினார். நாம் இரயிலுக்கு நேரமாயிற்றென்று விட்டுவந்த இடத்தை அடைய அவர் கடல் கடந்து வந்தும் இயலவில்லை!

அடுத்த தலைமுறையினரான டோகன் (1200-1253) 1223-இல் சீனத் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, காளான் வாங்க ஒரு முதிய துறவி வந்தார். அவர் 'அசோக மன்னர் மலை' என்னும் பெயருடைய மலையின் மடத்தில் சமையற் பொறுப்பினர். நம் மௌரிய வேந்தரின் பெயர்தான் அது. இவ்வளவு முதுமையில் தியானத்தில் அமராமல் அடுப்படியில் உழல்வானேன் என்று டோகன் கேட்டார். பயிற்சி இன்னதென்று இந்த அயல்நாட்டு இளைஞர் இன்னும் அறியவில்லையே என்று முதியவர் உரக்கச் சிரித்துவிட்டு, இருட்டுமுன் மடம் திரும்ப வேண்டுமென்று புறப்பட்டார். சமையற் பொறுப்பினரின் கடமைகளைப் பற்றி 1237-இல் எழுதிய நூலில் டோகன் இதனை நன்றியுடன் குறிக்கிறார்.

அமர்ந்திருத்தல் ஞானத்துக்கு வழியன்று, அதுவே ஞானம் என்பது டோகன் கண்ட முடிவு. புத்தரோ தம் போதனையைத் தெப்பத்துக்கு ஒப்பிட்டார். கரை சேர்ந்தபின் அதனைத் தலையில் சுமக்க வேண்டுவதில்லை என்றார். இரண்டும் ஒன்றே என்று வாதிப்பவர் உண்டு; நமக்கு அவை வேறாகவே தோன்றுகின்றன. ஆனால் இருவரும் கால்களை மடித்து, முதுகை நிமிர்த்தி அமர்ந்த முறை ஒன்றே.

ஜென் மடங்களில் டிசம்பர் முதல் நாள் தொடங்கி எட்டாம் நாள் விடியல் வரை துறவியர் மிகச் சிறிதே உறங்கி அமர்ந்திருப்பர். விடிவெள்ளி எழுந்தபோது புத்தர் ஞானம் பெற்றார் என்பது கீழ்த்திசை மரபு. சீனத்தில் பன்னிரண்டாம் திங்கள் எட்டாம் நாளன்று, தானியமும் பருப்பும் கலந்த கஞ்சியை மடங்களிலும் வீடுகளிலும் காய்ச்சி வழங்குவர். வற்றிய உடலோடு ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தவருக்குக் கயைக்கு அருகே ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த பாற்சோற்றின் நினைவு அது என்பர்.