எச்சில் படாத நீர்

சென்ற வருஷம் கோடையில் மண்டபத்தூருக்குப் போயிருந்தேன். காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய மீனவர் ஊர். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கித் தண்ணீர் கேட்டேன். பாட்டி ஒருத்தி செம்பை நீட்டிக்கொண்டே, "தூக்கிக் குடிங்க தம்பி, பானையில மொள்ளுற செம்பு" என்றாள். எனக்கு அண்ணாந்து குடிக்கும் பழக்கம் விட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்று. பாதித் தண்ணீர் சட்டைக்குள் போயிற்று. பாட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். பெரிய பெரிய நகரங்கள் உயிர்களைப் பலி கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை அல்லவா அந்தப் பாட்டி ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள்!

1933-ஆம் வருஷம் அமெரிக்காவிலுள்ள சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. நாடெங்குமிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் பலர் தங்கிய இரண்டு பெரிய ஹோட்டல்களில் குழாய்கள் பழையவை. கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் சேரக் கூடாத இடத்தில் சேர்ந்திருந்தன. விருந்தினர்கள் ஊர் திரும்பிப் பல நாள் கழித்துச் சீதபேதியில் விழுந்தார்கள். ஆளுக்கொரு ஊரில் நோய் கண்டதால், எல்லாருக்கும் ஊற்றுக்கண் ஒன்றே என்று வைத்தியர்களுக்கு உடனே புலப்படவில்லை. சுமார் 1,400 பேர் நோயுற்றார்கள். 98 பேர் மாண்டார்கள்.

அது பழைய கட்டடம், பழைய குழாய் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஹாலந்து தேசத்தில் யூட்ரெக்ட் நகரத்தை ஒட்டிய லைட்சே ரைன் புத்தம் புதிய குடியிருப்பு. குடிப்பதற்கு ஒரு குழாய். கழிப்பறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் தோட்டத்துக்கும் அரைகுறையாகச் சுத்தம் செய்த நீர் வரும் மற்றொரு குழாய். அருமையான ஏற்பாடு! பராமரிப்பு வேலைக்காக இரண்டையும் தற்காலிகமாக இணைத்தவர்கள், வேலை முடிந்ததும் அந்த இணைப்பைக் கழற்ற மறந்துவிட்டார்கள். 2001 டிசம்பரில் குடியிருப்பில் பலருக்கு வயிற்றுப் போக்கு. 2003-இல் அந்நாட்டு அரசாங்கம் இப்படிப்பட்ட பெரிய இரட்டைக் குழாய்த் திட்டங்களே வேண்டாம் என்று முடிவு செய்தது.

ஹாங்காங்கில் 1950-களின் இறுதியிலிருந்து கழிப்பறைக்குக் கடல்நீரையே பயன்படுத்துகிறார்கள். அங்கே குழாய் மாறினால் நாக்கு உடனே காட்டிக் கொடுத்துவிடும். சுத்திகரித்த கழிவுநீருக்கு அந்த யோக்கியம் கிடையாது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்; டம்ளரில் பிடித்தால் நல்ல தண்ணீர் மாதிரியே நிற்கும்.

ஹாலந்துக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நாம் அப்படிச் சொல்ல முடியுமா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு வெடித்ததைப் பார்த்தோம். அதே வருஷம் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை நன்கு சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் திறன். அவ்வளவு நல்ல தண்ணீர் ஜனங்களுக்கு மிச்சம். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இரட்டைக் குழாய் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இந்த நீர் நமக்கு வேண்டும், ஜாக்கிரதையும் வேண்டும்.

ஜாக்கிரதை தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ வரை போக வேண்டாம். 2022 ஜூலை 3-ஆம் தேதி காரைக்காலிலேயே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வயிற்றுப் போக்கு. சிலருக்குக் காலராவே உறுதியாயிற்று. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அங்கே யாரும் குழாயை மாற்றி இணைக்கவில்லை. குடிநீரில் சாக்கடை நீர் கலந்ததுதான் காரணம் என்றார்கள். காரணம் எதுவானால் என்ன? குழாயைத் திறக்கவே பயப்படும் தாய்க்கு எல்லாம் ஒன்றுதான்.

தடுக்கும் வழிகள் ஒன்றும் பிரமாதமானவை அல்ல. மறுபயன் நீர்க் குழாய்க்குத் தனி நிறம் வேண்டும். அமெரிக்காவில் கத்தரிப்பூ நிறம் பூசுகிறார்கள். அதில் அழுத்தம் குடிநீர்க் குழாயைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எந்தக் குழாய் எங்கே போகிறதென்ற வரைபடம், போட்டவர் போன பிறகும் கட்டடத்தில் இருக்க வேண்டும். மறுபயன் நீர்த் தொட்டிக்குள் குடிநீரை விட நேர்ந்தால், குழாயின் முனை தொட்டியின் விளிம்புக்கு மேலே எட்ட நிற்க வேண்டும். முனை மூழ்கியிருந்தால், குழாயில் அழுத்தம் குறைகிற வேளையில் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வாய் வைத்த செம்பைப் பானைக்குள் விடுவது போலத்தான். தூக்கிக் குடிக்கச் சொன்ன பாட்டியின் சாஸ்திரம் இதுவே. அந்தச் சாஸ்திரத்தைச் சாக்காக வைத்து மனிதர்களை எட்ட நிறுத்திய பாவம் நம்முடையது. எட்ட நிற்க வேண்டியவை தண்ணீர்கள்தாம்.

உங்கள் வீட்டிலும் இரண்டு தொட்டிகள் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிநீர்த் தொட்டியின் வால்வை மட்டும் மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். குழாயில் நின்ற நீர் வடிந்த பிறகும் சமையலறையில் தண்ணீர் கொட்டினால், அதை யாரும் வாயில் வைக்க வேண்டாம். உடனே குழாய் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். குழாயில் யாராவது கை வைத்த ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். யூட்ரெக்டில் கழற்ற மறந்தது ஒரே ஓர் இணைப்பைத்தான்.