கல் நடந்தது என்று சொன்னவர்கள்



வீட்டில் பெரிய அலுமாரியை இடம் மாற்றியவர்களுக்கு இது தெரியும். நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியாத அலுமாரியை இரண்டு பேர் நகர்த்திவிடலாம். ஒரு பக்கம் சாய்த்து ஒரு மூலையை முன்னே திருப்புவது, பிறகு மறுபக்கம் சாய்த்து மற்ற மூலையைத் திருப்புவது. இப்படியே அலுமாரி 'நடந்து' அடுத்த அறைக்குப் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

கற்கள் நடக்கும் என்ற கதைகள் பல நாடுகளில் இருக்கின்றன. இங்கிலாந்தின் ரோல்ரைட் கற்கள் நள்ளிரவில் எழும்பி ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் என்பார்கள். பிரான்ஸின் கர்னாக் கற்களைப் பற்றியும் அப்படியொரு கதை உண்டு. அவை கதையாகவே நின்றுவிட்டன. ஆனால் பசுபிக் சமுத்திரத்தில் ஒரு தீவின் கதை அப்படி நிற்கவில்லை.

அந்தத் தீவின் பெயர் ரப்பா நூயி. 1722 ஏப்ரல் 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஒல்லாந்து மாலுமி ஜேக்கப் ரொகவீன் அங்கே போய்ச் சேர்ந்ததால் வெளியுலகம் அதை ஈஸ்டர் தீவு என்றது. இன்று அது சிலி நாட்டின் பகுதி. மோவாய் எனப்படும் கற்சிலைகள் அங்கே 900 க்கும் மேல் உள்ளன. நிமிர்த்தி நிறுத்தப்பட்டவற்றில் மிகப் பெரியது சுமார் 10 மீற்றர் உயரம், ஏறக்குறைய 80 தொன் எடை. பெரும்பாலானவை ரானோ ரராக்கு என்ற எரிமலைச் சரிவில் செதுக்கப்பட்டு, கரையோர மேடைகளுக்குக் கிலோமீற்றர் கணக்கில் கொண்டுபோகப்பட்டவை. இழுக்க மாடோ குதிரையோ அங்கே இருக்கவில்லை.

எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டவர்களுக்குத் தீவு மக்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "அவை நடந்து போயின."

1914 இல் அங்கு போன ஆங்கிலேய ஆய்வாளர் கத்தரின் ரூட்லெட்ஜிடம் அவர்கள் ஒரு கதையும் சொன்னார்கள். சிலை செதுக்குபவர்களுக்குச் சமைத்துப் போட ஒரு கிழவி இருந்தாளாம். சிலைகளை நடக்க வைக்கும் சக்தி அவளிடம் இருந்ததாம். ஒருநாள் பெரிய சிங்க இறால் ஒன்று அகப்பட்டது. செதுக்கியவர்கள் முழுவதையும் தின்றுவிட்டு அவளுக்குப் பங்கு வைக்கவில்லை. கோபம் கொண்ட கிழவி, எல்லோரும் கீழே விழுங்கள் என்று சிலைகளுக்குக் கட்டளையிட்டாள். அதனால்தான் பல சிலைகள் வழியிலேயே கிடக்கின்றன என்பது கதை.

கேட்டவர்கள் சிரித்தார்கள். கல்லாவது நடப்பதாவது! படுக்க வைத்து, மரச்சட்டத்தில் கட்டி, உருளைக் கட்டைகள் மேல் இழுத்திருப்பார்கள் என்றே பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலிருந்து ஒரு குற்றச்சாட்டும் பிறந்தது. சிலைகளை இழுப்பதற்காகக் காட்டை அழித்து, அதனால் பட்டினி கிடந்து, சண்டையிட்டுத் தாங்களே தங்களை அழித்துக்கொண்ட முட்டாள்கள் என்று அந்த மக்கள் உலகத்துக்கு உதாரணம் காட்டப்பட்டார்கள்.

1986 இல் பாவெல் பாவெல் என்ற செக் நாட்டுப் பொறியியலாளர் ஒரு சிலையைக் கயிறு கட்டி, நிமிர்ந்த நிலையிலேயே இடமும் வலமுமாகத் திருப்பி நகர்த்திக் காட்டினார். அடிப்பகுதி சேதமானதால் அந்த முயற்சி நின்றது. பிறகு டெரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரு ஆய்வாளர்கள் பாதையோரம் விழுந்து கிடந்த சிலைகளை உற்றுக் கவனித்தார்கள். மேடையில் நிற்கும் சிலைகளைப் போல அவை இல்லை. அடி அகலமாக இருந்தது, உடல் முன்னால் சாய்ந்திருந்தது, கண்குழியும் வெட்டப்பட்டிருக்கவில்லை. அந்தச் சாய்வோடு அவை தாமாக நிற்கவே முடியாது. ஆனால் பக்கவாட்டில் ஆட்டினால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் அடி முன்னே விழும். போய்ச் சேர்ந்த பிறகு அடியைச் செதுக்கி நேராக்கி, கண்ணைத் திறந்திருக்கிறார்கள்.

அதே வடிவில் 4.35 தொன் எடையுள்ள கொங்கிரீட் சிலையொன்றை வார்த்து, ஹவாயில் சோதித்தார்கள். மூன்று கயிறுகள், 18 பேர். இரண்டு கயிறுகள் இரு பக்கமும் மாறி மாறி இழுக்க, மூன்றாவது சிலை முகங்குப்புற விழாமல் பின்னாலிருந்து பிடித்தது. 40 நிமிடத்தில் சிலை 100 மீற்றர் நடந்தது. ஆம், நடந்தது. எங்கள் அலுமாரியைப் போலவே.

எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை, படுக்க வைத்து இழுத்தார்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் "நடந்தது" என்ற சொல்லைப் பார்த்துச் சிரிக்க இனி யாராலும் முடியாது. 2024 இல் பண்டைய தீவுவாசிகள் 15 பேரின் மரபணுவை ஆராய்ந்தவர்களும், சொல்லப்பட்டதைப் போல 1600 களில் மக்கள்தொகை சரிந்ததற்கு அடையாளம் இல்லை என்றார்கள்.

உண்மையான அழிவு வெளியிலிருந்து வந்தது. 1862 இலும் அதை அடுத்தும் பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் சுமார் 1,500 பேரைப் பிடித்துச் சென்றன. அரசரும் கற்றறிந்தவர்களும் அதில் அடக்கம். திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877 இல் தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர் மட்டுமே. ரொங்கோரொங்கோ என்ற அவர்களது எழுத்தை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. அதில் கொஞ்சம் அறிந்திருந்த முதியவர் ஒருவரை ரூட்லெட்ஜ் தொழுநோயாளர் குடியிருப்பில் தேடிப் போய்ச் சந்தித்தார். சில வாரங்களுக்குள் அவர் இறந்துபோனார்.

எழுத்து போய்விட்டது. மிஞ்சிய வாய்க்கதையையோ உலகம் கேலி செய்தது. கயிற்றைப் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் சொன்ன ஒற்றைச் சொல்லை நம்பிச் சோதித்துப் பார்க்க இவ்வளவு காலம் எடுத்தது.

நாங்கள் ஆசிரியர்கள் எங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். "எங்கட உம்மம்மா சொன்னா" என்று வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பினால், "அது கதை, புத்தகத்தில உள்ளத எழுது" என்று இருத்திவிடுகிறோம். உம்மம்மாவின் கிழவிக்கு மந்திர சக்தி இருக்காது. ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு கயிறு இருக்கலாம்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்வோம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பக்கத்தில் இருந்து கேட்போம்: அந்த வட்டைக்கு ஏன் அந்தப் பெயர்? பழைய கிணற்றை வெட்டியது யார்? தோணியை மணலில் எப்படி ஏற்றினார்கள்? சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்வோம். நம்ப முடியாத இடங்களை வெட்ட வேண்டாம், சிங்க இறாலையும் சேர்த்தே பதிவு செய்வோம். எது கதை, எது வரலாறு என்று பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். சொல்பவர் போன பிறகு கேட்க ஆளில்லை.