ஸ்டாஃப்னே குழிவு எப்போது தோன்றுகிறது? 1942 விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

கீழ்த்தாடைக் கோணத்தருகே, நரம்புக் கால்வாய்க்குக் கீழே, வெண்ணிற விளிம்புடன் தெரியும் முட்டை வடிவக் கருநிழலைப் பல் மருத்துவ மாணவர்கள் ‘ஸ்டாஃப்னே சிஸ்ட்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். பெயரிலுள்ள பிழையை எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. எபிதீலியப் படலம் இல்லாததால் அது நீர்க்கட்டி அன்று. தாடையின் நாக்குப்புறத்தில் விழுந்த பள்ளம். ஆனால் பெயரோடு ஒட்டி வந்த விளக்கம் பலருடைய குறிப்புகளில் இன்னும் அப்படியே நிற்கிறது. இங்கே நான் மறுப்பது அதைத்தான்.

மேயோ கிளினிக்கின் எட்வர்ட் ஸ்டாஃப்னே, 1942இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் இத்தகைய 35 குழிவுகளை விவரித்தார். வலியோ வீக்கமோ இல்லாத குழிவுகள் அவை. முன்பு குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பு முறையாகப் படியத் தவறியதால் உண்டான வளர்ச்சிக் குறை என்பது அவர் முடிவு. அவருடைய கண்ணின் கூர்மையில் எனக்கு ஐயமில்லை. இதை நோயன்று என்று பிரித்துக் காட்டியதால் பின்னாளில் எத்தனையோ தாடைகள் கத்திக்குத் தப்பின. ‘என்ன’ என்பதைச் சரியாகச் சொன்னவர் ‘எப்போது’ என்பதில் தவறினார் என்பதே என் வாதம்.

வளர்ச்சிக் குறை என்றால் சிறுவர்களின் படங்களில் அது தெரிய வேண்டும். தெரிவதோ மிக அரிது. காணக் கிடைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய ஆண்கள். சிறுவர்களுக்கு முழுத்தாடைப் படம் எடுப்பது குறைவு, அதனால்தான் கண்ணில் படவில்லை என்று ஸ்டாஃப்னே தரப்பில் வாதிடலாம். 1942க்கு அது பொருந்தும். வாய்க்குள் வைக்கும் சிறு ஃபிலிம் தாடையின் அடிவிளிம்பை எட்டாது. ஃபின்லாந்தின் யூர்யோ பாட்டெரோ உருவாக்கிய சுழற்படமுறை பரவிய பின் அந்த வாதம் நிற்கவில்லை. பல்வரிசை சீரமைப்புக்காகப் பத்து, பன்னிரண்டு வயதிலேயே இன்று ஓபிஜி எனும் அந்த முழுத்தாடைச் சுழற்படத்தை எடுக்கிறோம். அந்தப் படங்களில் அடிவிளிம்பு முழுதாக விழுகிறது. குழிவை மட்டும் காணோம்.

எண்ணிக்கைகளையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். ஓய்காரினனும் ஜுல்குவும் 1974இல் 10,000 படங்களில் 10 குழிவுகளைக் கண்டனர். 1980இல் கோரலும் உடன் ஆய்வாளர்களும் 2,693 படங்களில் 13 கண்டனர். ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு. ஆழமற்ற பள்ளத்தை ஒருவர் கணக்கில் சேர்ப்பார், இன்னொருவர் விடுவார். வேறுபாட்டில் ஒரு பங்கு இந்தத் தீர்ப்பிலிருந்தே வருகிறது என்று கருதுகிறேன்.

என் மேசையில் ஒரே மனிதரின் இரண்டு ஓபிஜி படங்கள் இருக்கின்றன. இரண்டாவது, அவருடைய ஐம்பதுகளில் எடுத்தது. வலப்பக்கம் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், கால்வாய்க்குக் கீழே, விளிம்பு தடித்த குழிவு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. முதலாவது அதற்குப் பதினாறு ஆண்டுகள் முந்தையது. அதே இடத்தில் எலும்பின் சல்லடை அமைப்பு தொடர்ந்து செல்கிறது. அடிவிளிம்பின் வெண்கோடு அறவில்லை. பலமுறை ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் எதிர்ப்பக்கத் தாடையின் பேய்நிழல் அவ்விடத்தின் மேற்பாதியில் படிந்திருக்கிறது. மேலோட்டமான பள்ளம் ஒன்று அப்போதே இருந்து அந்த நிழலில் மறைந்திருக்கலாம். ஆகவே குழிவு அப்போது இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்றுள்ள ஆழத்தில் அது அப்போது இல்லை என்பதில் உறுதியாக நிற்கிறேன். என் வாதத்துக்கு அது போதும்: ஆழம் கூடியிருந்தால், முதிர்ந்த எலும்பு பின்னாளில் கரைந்திருக்கிறது. இடைப்பட்ட பதினாறில் எந்த ஆண்டு என்பதைச் சொல்ல வழியில்லை.

எது கரைத்தது? ரஷ்டன் 1946இல் இவற்றைத் தனி எலும்புக் கட்டிகளோடு வைத்துப் பேசினார். ஃபோர்டைஸ் 1956இல் எழுதிய கட்டுரை, அறுவையில் கண்ட உமிழ்நீர்ச் சுரப்பித் திசுவைக் காட்டி அந்த வாசிப்பைத் திருப்பியது. கீழ்த்தாடைச் சுரப்பி அந்த இடத்தை ஒட்டியே கிடக்கிறது. முன்பற்களின் பகுதியில் காணும் அரிய குழிவுகள் நாவடிச் சுரப்பியை எதிர்கொள்கின்றன. அதனினும் அரிதாகத் தாடையின் ஏறுகிளையில் காண்பவை பரோட்டிட் சுரப்பியை. மூன்று சுரப்பிகள், மூன்று இடங்கள். இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கும் ஒரு தடை உண்டு. அரிஜி 1993இல் சி.டி. படங்களைக் கொண்டு குழிவுகளை வகைப்படுத்தியபோது, உள்ளடக்கம் சிலவற்றில் சுரப்பி, சிலவற்றில் கொழுப்பு என்றிருந்தது. ஏற்கெனவே விழுந்திருந்த பள்ளத்துக்குள் சுரப்பி பிறகு புகுந்தது என்று ஸ்டாஃப்னே தரப்பு சொன்னால், உள்ளடக்கத்தை மட்டும் காட்டி அதை முறியடிக்க முடியாது. வயதுதான் முறியடிக்கும். முக தமனியை ஒட்டிய குருதியோட்டக் குறைவைக் காரணமாக்கிய லெல்லோ, மாகெக் இருவரின் 1985 கருத்தும் பின்னாளில் விளைந்த மாற்றத்தையே பேசுகிறது; அதனால் அது எனக்குப் பகையன்று.

‘நிலைத்த குழிவு’ என்ற பெயரைச் சிலர் எனக்கெதிராக நீட்டுவார்கள். கண்டறிந்த பின் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்பது உண்மை. நின்றுவிட்ட பிறகுதான் நாம் பார்க்கத் தொடங்குகிறோம். ஐம்பதில் அசையாமல் இருப்பது, ஐந்து வயதிலும் இருந்தது என்பதற்குச் சான்றாகாது.

ஆண்களிடம் ஏன் இத்தனை மிகுதி என்ற கேள்விக்குச் சுரப்பி விளக்கமும் திருப்தியான விடை தரவில்லை. பொதுவான எலும்பு மெலிவு காரணமென்றால், மாதவிடாய் நின்ற பெண்களிடமல்லவா இது மிகுந்திருக்க வேண்டும்? அந்த வழியை மட்டும் துணிந்து அடைத்துவிடலாம்.